ஏழாம் நம்பர் நாற்காலியும் ஐந்நூற்று இருபத்தொன்பதாவது கூட்டமும்

எங்கள் சேவை சங்கத்தின் செய்தி மடலில் போன மாதம் மூன்று வாக்கியங்கள் வந்தன. "ஐந்நூற்று இருபத்தொன்பதாவது கூட்டம் சிறப்பாக நடைபெற்றது. வீட்டுக் குப்பையிலிருந்து உரம் என்பது பற்றிச் சிறப்பு விருந்தினர் உரையாற்றினார். வந்திருந்த அனைவருக்கும் மதிய உணவு வழங்கப்பட்டது."

மூன்றும் உண்மைதான். எழுதியவர் எங்கள் செயலாளர் டீச்சர், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் எழுத மாட்டார். இடம் போதவில்லை என்று மற்றதை விட்டுவிட்டார். விட்டுப்போனதை நான் எழுதிவிடுகிறேன்.

சங்கம் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பத்து மணிக்கு ராயபுரத்தில் உள்ள எங்கள் கூடத்தில் கூட்டம். நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் ஒன்று விடாமல் எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. அதனால் சங்கத்தில் பதிவேடு எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை மணிக்கு வந்தார், எல்லாம் என் கையில். வருகைக்கு ஒரு விதி உண்டு. கூட்ட நேரத்தில் நூற்றுக்கு அறுபது பங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். தலையைக் காட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டு நழுவினால் ஆப்சென்ட். இந்த விதியை நான் கொண்டுவந்தபோது பதினேழு பேர் எதிர்த்தார்கள், பதினெட்டுப் பேர் ஆதரித்தார்கள்.

ஒரு கூட்டம்கூட விடாமல் வந்தவர் சங்கத்தில் ஒரே ஒருவர்தான். ரயில் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்திரண்டு. ஐந்நூற்று இருபத்தெட்டுக்கு ஐந்நூற்று இருபத்தெட்டு. அடுத்தவன் நான், ஐந்நூற்று இருபத்தேழு. பெரு வெள்ளம் வந்த வருடம் எங்கள் தெருவில் நெஞ்சளவு தண்ணீர், நான் போகவில்லை. அவர் தெருவிலும் நெஞ்சளவுதான். அவர் காசிமேட்டுக்காரர்களின் படகில் ஏறி வந்து சேர்ந்திருக்கிறார். அன்றைக்கு வந்தது மூன்று பேர். நோய்த்தொற்றுக் காலத்தில் கூட்டம் ஃபோனில் வீடியோவாக நடந்தபோதும் அவர் விடவில்லை. ஒன்றரை வருடம் அவர் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டு மின்விசிறி மட்டுமே. ஆனால் குரல் வந்தது. வருகை போட்டேன்.

இந்த மனிதர்தான் ஐந்நூற்று இருபத்தெட்டாவது கூட்டத்துக்கு மறுநாள், கண் சிகிச்சை முகாமுக்குப் பேனர் கட்டுகிறேன் என்று ஸ்டூல் மேல் ஏறினார். இந்த வயதில் ஏற வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை சொன்னபோது அவர் தரையில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. காலில் தகடு வைத்து, ஆறு வாரம் காலை மடக்கக் கூடாது, கீழே தொங்கவிடவும் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தது புதன்கிழமை. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

வியாழன் காலை நானும் தலைவரும் பார்க்கப் போனோம். தலைவர் வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் பாய், அறுபது வயது, எங்கள் இரண்டு பேரையும்விட இளையவர். டிரைவர் வீடு இருக்கும் சந்து மூன்றடி நான்கு அங்குலம், ஆட்டோ நுழையாது.

"ஞாயித்துக்கெயம எத்தினி மணிக்கு வந்து என்னை இட்டுகினு போறீங்க?" என்றார் டிரைவர், படுத்தபடியே.

"அண்ணாத்தே, டாக்டரு நகரவே கூடாதுன்னுட்டாரு," என்றார் தலைவர்.

"டாக்டரு கால மடக்கக் கூடாதுன்னாரு. கூட்டத்துக்குப் போவக் கூடாதுன்னு சொன்னாரா? நீ கேட்டியா? நா கேட்டேன். நீட்டிகினு குந்தலாம்னாரு."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். பிளாஸ்டிக் சேர்ல வச்சு நாலு பேரு தூக்கிகினு..."

டிரைவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். "யோவ்! நாலு பேரு தூக்கறதுக்கு நா இன்னா பொணமா? அதுக்கு இன்னும் டைம் கீது. தள்ளிகினு போ. தூக்காத."

என் பக்கம் திரும்பினார். "கிளார்க்கு, காலு நீட்டற மாதிரி தள்ளு நாற்காலி நம்மகிட்ட ஒண்ணு இருக்கில்ல? அத்த எட்தா. இந்தக் கூட்டம் வுட்டா எனக்குக் கணக்கு உடைஞ்சிரும். உடைஞ்சா நா சும்மா படுத்துகினு கீற கெயவன். அது எனக்கு ஆவாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் மனைவி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று சொன்னால்தான் ஒரு வாய் இறங்குகிறது என்றும் வாசலில் வந்து சொன்னார்.

அவர் சொன்ன நாற்காலி எங்களிடம் இருக்கத்தான் வேண்டும். நோயாளிகளுக்குச் சாமான் இரவல் கொடுப்பது எங்கள் சங்கத்தின் முக்கியமான வேலை. ஆஸ்பத்திரிக் கட்டில் நான்கு, நடைச்சட்டம் பதினொன்று, சக்கர நாற்காலி ஒன்பது. ஒவ்வொன்றின் முதுகிலும் துறைமுகத்துப் பெட்டியில் போடுவதுபோல வெள்ளைப் பெயின்டில் நான்தான் நம்பர் போட்டேன். கால் நீட்டும் பலகை வைத்தது ஏழாம் நம்பர் ஒன்றுதான். எப்போதும் என் தோள்பையில் இருக்கும் பதிவேட்டை அவர் வீட்டு வாசலிலேயே திறந்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு மூன்று மாதத் தவணையில் போயிருக்கிறது. போய்ப் பதினான்கு மாதம். மாதம் ஒருமுறை ஃபோன் செய்து கேட்டு டிக் போட்டிருக்கிறேன். பதினான்கு டிக்.

"அண்ணாத்தே," என்றார் தலைவர், சந்துக்கு வெளியே வந்ததும். "டிரைவரு ஒரு கூட்டம் வுட்டா ரெண்டு பேரும் சமமாயிருவீங்க, இல்ல?"

"அதனால?"

"ஒண்ணுமில்ல. நாற்காலிய நீ எங்கனா ஒளிச்சு வச்சுகினு இல்லியே? சும்மா கேட்டேன்."

அன்று மதியத்துக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சந்தேகத்தை ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். நான்கு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள், ஐந்து பேர் போடவில்லை. சமம் என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பதிவேட்டைத் திறந்தபோது ஒரு நான்கு வினாடி வந்தது. அதற்குள் அந்த அம்மாள் வைத்த சொம்பு ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் யாரென்று பார்த்தால் எந்த நோயாளிக்காக நாற்காலி கொடுத்தோமோ அவரே. தோளில் காய்கறிப் பை, பக்கத்தில் சைக்கிள். இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று பதிவேட்டில் இருந்தது.

"வாங்க சார்! குந்துங்க. நாற்காலிதானே? சோக்கா கீது சார்."

"அதைத்தான் பதினாலு மாசமா ஃபோன்ல சொல்றீங்க. எங்கே?"

"இங்க இல்லியே. எனக்கு நாலாவது மாசமே நடக்க வந்துருச்சே. காலடிப்பேட்டைல என் மச்சான் வூட்டாண்ட ஒரு கெய்விக்குக் குடுத்துட்டோம்."

"எங்ககிட்ட திருப்பிக் குடுத்திருக்கணும் இல்லையா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி பதில் சொன்னார். "நோவுக்காரங்க குந்தின நாற்காலிய வந்த வயியே திருப்பி அனுப்பலாமா சார்? நோவும் திரும்பி வந்துரும். முன்னாலதான் தள்ளி வுடணும். அடுத்தவங்க குந்தணும். ஊர்ல அல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"

அல்லாரும் என்ற சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது நாற்காலி, நான்கு கட்டில், பதினொரு நடைச்சட்டம். இருபத்துநான்கு சாமானும் எங்கெங்கே முன்னால் போய்க்கொண்டிருக்கின்றனவோ!

"ஃபோன்ல ஏன் சொல்லல?"

"நாற்காலி எப்படி கீதுன்னு கேட்டீங்க, சோக்கா கீதுன்னேன். எங்க கீதுன்னு நீங்க ஒரு தபாகூட கேக்கலியே சார்."

காலடிப்பேட்டை வீட்டில் அந்தக் கிழவியம்மாள் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்து காலமாகிவிட்டார். மகள் நாற்காலியை முன்னால் தள்ளிவிட்டாள், திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாளுக்கு. போகும்போது அம்மா நினைவாக ஒரு சைக்கிள் மணியும் பொருத்திவிட்டாளாம். "ரோட்ல போவும்போது அடிக்கறதுக்கு சார். எங்கம்மாவுக்கு அது ரொம்பப் புடிக்கும்."

சனிக்கிழமை மாலை மார்க்கெட்டில் ஏழாம் நம்பரைப் பார்த்தேன். நான் போட்ட நம்பரைச் சுற்றி ஒரு மாதா படம், ஒரு முருகர் படம், ஒரு பிறை. இடது கைப்பிடியில் சைக்கிள் மணி. வலது பக்கத்தில் குடை சொருகக் குழாய். இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் தராசு. நடுவில் அந்த அம்மாள், சர்க்கரை வியாதியில் இரண்டு விரல் எடுத்த காலைப் பலகையில் நீட்டிக்கொண்டு ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். கூட்டம், கணக்கு, எண்பத்திரண்டு வயது, மடக்கக் கூடாத கால்.

"நாற்காலி உங்களுதா?" என்றார்.

"ஆமாம்மா. சங்கத்தோடது."

"அப்ப எட்துக்கோ நைனா. ஆனா நாளிக்கு மீனு வித்தப்புறம். கீய குந்தினா காலு ரணமாயிரும். மீனு தீந்துச்சுன்னா நா வூட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன், பொழுது சாயறதுக்குள்ள கொணாந்துரு."

"எத்தனை மணிக்குத் தீரும்?"

"ஞாயித்துக்கெயமன்னா ஒம்போதுக்கே தீந்துரும். ஆனா புரட்டாசி மாசமாச்சே நைனா. எவன் வரான், எவன் வரலன்னு யாரு கண்டா?"

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கே நான் மீன் பலகைக்கு எதிரில் நின்றேன். சங்கரா இருபத்திரண்டு, வவ்வால் ஒன்பது, கானாங்கத்தை முப்பத்துமூன்று, ஆக அறுபத்துநான்கு. புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது, வாசனைகூட ஆகாது. பெருமாள் கோவிலுக்குப் போய்வந்த நாமத்தோடு நிற்கிறேன். ஒன்பது இருபதுக்கு ஐம்பத்தொன்று. ஒன்பதரைக்கும் ஐம்பத்தொன்று. சர்ச்சு விட்டு வந்தவர்கள் ஏழு வாங்கினார்கள். நாற்பத்துநான்கு.

"யோவ் பெருசு, நீ நாமத்தப் போட்டுகினு முன்னால நின்னா வர்றவனும் பூடுவான். இப்படி ஓரமா நில்லு. இல்லாட்டி கூவி வில்லு."

கூவினேன். முப்பத்தேழு வருடம் கப்பல்காரர்களோடு கத்திய தொண்டை. "சங்கரா! வவ்வா!" என்று மூன்று தடவை கத்தியதும் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் மனைவியின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுப் போனார். மீன் வாங்கவில்லை.

ஒன்பது நாற்பதுக்குக் குழுவில் செய்தி போட்டேன். "புரட்டாசி இல்லாத உறுப்பினர்கள் உடனே திருவொற்றியூர் மார்க்கெட் வரவும். அவசரம். மீன்." வந்தவர் தலைவர் ஒருவர்தான், ஸ்கூட்டரில், ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு.

"மொத்தமும் எனக்கு," என்றார். "கூடத்துலயே சமைச்சுக்கலாம்." அப்பாடா என்றிருந்தது. ஆனால் நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர், எந்தச் சாமானையும் சொன்ன விலைக்கு வாங்கியதே இல்லை.

"இன்னாம்மா இது, வவ்வா கண்ணு சோந்து கீதே?"

"ஒன் கண்ணவிட நல்லா கீது பாய்."

"மொத்தமா எடுக்கறேன், பாத்துச் சொல்லு."

"மொத்தமா வாய வாங்கற. மொதல்ல மீன வாங்கு."

இரண்டு பேரும் சண்டை போடுவதாகத்தான் நினைத்தேன். பார்த்தால் இரண்டு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். எட்டு நிமிடம் ஆனது. நான் கைக்கடிகாரத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டிய பிறகுதான் முடித்தார். அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றி, காலை நீட்டி வைத்து அனுப்பிவிட்டு, மீன் கூடையோடு தலைவர் ஸ்கூட்டரில் பறந்தார். நாற்காலியோடு நான் மெட்ரோ நிலையத்துக்கு ஓடினேன். பத்து மணி மூன்று நிமிடம். விதிப்படி கூட்டம் தொண்ணூறு நிமிடம். அறுபது பங்கென்றால் ஐம்பத்துநான்கு நிமிடம். பத்து முப்பத்தாறுக்குள் டிரைவர் கூடத்தில் இருந்தாக வேண்டும்.

மெட்ரோவில் காவலர், "பேஷன்ட் எங்க சார்?" என்று கேட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு என்னை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ரயிலில் என்னைச் சுற்றி இரண்டு கஜம் யாரும் நிற்கவில்லை. மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன், மீன் வாசனை என்று தண்டையார்பேட்டையில் இறங்கும்போதுதான் புரிந்தது. அங்கிருந்து ஆட்டோ. டிரைவர் வீட்டுச் சந்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனபோது பின்னால் நான்கு பூனைகள் வந்தன.

டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டு, சங்கத்தின் பேட்ஜ் குத்தி, கட்டிலில் கால் நீட்டித் தயாராக இருந்தார். "இன்னா கிளார்க்கு, கலீஜா வாசன வருது?" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவி ஜெபமாலையைத் தொட்டு, விபூதி இடுவதுபோல அவர் நெற்றியில் சிலுவை போட்டார். தள்ளினேன். வழி நெடுக அவரே மணியை அடித்துக்கொண்டு வந்தார். தெருவே விலகியது. சந்திலிருந்து கூடம் வரை வேகத்தடை ஐந்து. ஒவ்வொன்றிலும் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டியிருந்தது.

கூடத்துக் கடிகாரத்தில் பத்து நாற்பத்தொன்று. ஐந்து நிமிடம் லேட்.

அப்போதுதான் டீச்சர் வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து நின்று டிரைவருக்குக் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தது தாமதம், அதை மாற்ற முடியாது. ஆனால் கூட்டம் முடியும் நேரத்தை நீட்டலாமே. பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டம் பதினொன்று நாற்பத்துமூன்று வரை நடந்தால், நூற்று மூன்று நிமிடத்தில் அறுபத்திரண்டு நிமிடம் அவர் இருந்திருப்பார். அறுபது பங்குக்கு மேல். விதி விதியாகவே இருக்கும், டிரைவரும் தப்பிவிடுவார். நான் அவரோடுதானே வந்தேன், நானும்.

இருபத்திரண்டு வருடமாகப் பதினொன்றரைக்கு ஒரு நிமிடம் மிஞ்சினாலும் மணியடிப்பவன் நான். பேச்சாளர் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் அடித்துவிடுவேன். அன்றைக்கு ஒரு துண்டுத்தாளில், "11.43 வரை முடிக்கக் கூடாது. காரணம் பிறகு" என்று எழுதித் தலைவருக்கு அனுப்பினேன். டிரைவருக்குத் தெரிந்தால் எனக்காகவா என்று சண்டைக்கு வருவார். தலைவர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், உன் அட்டெண்டன்சுக்கா என்று எழுதியிருந்தது.

சிறப்பு விருந்தினர் நல்ல மனிதர். குப்பை, உரம், மண்புழு எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லிப் பதினொன்று பதினெட்டுக்கே முடித்துவிட்டார். அதே நேரத்தில் கூடத்தின் பின்பக்கம் சமையல் தொடங்கியிருந்தது. நாற்பத்துநான்கு மீனும் மிளகாய் தடவி எண்ணெயில் இறங்கின. முதல் சட்டி பொரியும் சத்தம் கேட்டபோது முப்பத்தொரு தலைகள் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின.

நான் எழுந்தேன். "ஐயா, ஒரு சந்தேகம். ஒரு தொட்டியில் எத்தனை மண்புழு விடலாம்?"

அவர் மகிழ்ந்து போனார். நான்கு நிமிடம் சொன்னார்.

"அவை எத்தனை குட்டி போடும்?"

குட்டி இல்லை, முட்டை என்று விளக்கினார். மூன்று நிமிடம்.

"ஐயா, வாழைப்பழத் தோல் போடலாமா?" "போடலாம்." "ஆரஞ்சுத் தோல்?" "குறைவாக." "மாதுளைத் தோல்?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "சார், பலாப்பழம் மீதி கீது, அதையும் கேட்டுருங்க, ஒரேயடியா போலாம்" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் பலாப்பழத் தோலையும் கேட்டேன். பதினொன்று முப்பத்தொன்று.

நன்றியுரை டீச்சர். "அனைவருக்கும் நன்றி" என்று உட்காரப் போனவரைத் தடுத்து, ஒலிபெருக்கிக்காரர், நாற்காலி போட்டவர், கூட்டியவர், எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதுதானே மரபு என்றேன். அப்படி ஒரு மரபு எங்களுக்குக் கிடையாது. டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், வகுப்பில் பின்பெஞ்சைப் பார்க்கும் பார்வை. ஆனாலும் சொன்னார். பதினொன்று முப்பத்தெட்டு. இரண்டாவது சட்டி. தலைவர் தேசிய கீதத்துக்கு எழுந்தேவிட்டார். கீதம் தொடங்கினால் ஒரு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

அப்போது சைக்கிள் மணி அடித்தது. டிரைவர் கையைத் தூக்கியிருந்தார்.

"நா ஒண்ணு சொல்லணும். இந்த நாற்காலி நம்ம சங்கத்து நாற்காலின்னு கிளார்க்கு எயுதி வச்சிருக்காரு. முதுகுல பாருங்க, எத்தினி வூட்டு சாமி ஒட்டிகினு கீது. தள்ளிகினு வரும்போது கிளார்க்கு மூச்சு வாங்கிகினே அல்லாத்தையும் சொன்னாரு. நமக்கே தெரியாம நம்ம சாமான் அதும்பாட்டுக்கு சேவ பண்ணிகினு கீது. நாம இங்க குந்திகினு மீட்டிங் போட்டுகினு கீறோம். அந்தம்மாவுக்கு இத்த நிரந்தரமா குடுத்துருங்க. எனக்கு வேற ஒண்ணு வாங்கற வரைக்கும் ரெண்டு ஞாயிறு அவங்ககிட்ட இரவல் கேட்டுக்கறேன். கையத் தூக்குங்க பாக்கலாம்."

எல்லாக் கையும் உயர்ந்தன. சாப்பாட்டுக்காக எத்தனை, நாற்காலிக்காக எத்தனை என்று பிரிக்க முடியவில்லை. எண்ணினேன், டிரைவர், தலைவர், நான் உட்பட முப்பத்துநான்கு. கீதம் பாடி முடித்தபோது பதினொன்று நாற்பத்துநான்கு.

பதிவேட்டைத் திறந்து வைத்து எழுந்து நின்றேன். இனி ஒளிக்க வேண்டியதில்லை. "கூட்டம் மொத்தம் நூற்று நான்கு நிமிடம். டிரைவரண்ணன் இருந்தது அறுபத்துமூன்று. அறுபது பங்குக்கு மேல். ஐந்நூற்று இருபத்தொன்பதுக்கு ஐந்நூற்று இருபத்தொன்பது! அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பிடித்து வைத்தேன், மன்னிக்க வேண்டும்."

கை தட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"சார்," என்றார் டீச்சர். "நூத்தி நாலு எப்படி வந்தது?"

"பத்திலிருந்து பதினொன்று நாற்பத்துநான்கு."

"பத்து மணிக்கு எங்க சார் ஆரம்பிச்சோம்? மணி உங்க பீரோவுல இல்ல இருக்கு? சாவி உங்ககிட்ட. மணி அடிக்காம கூட்டம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு விதி போட்டதும் நீங்கதான். உங்களுக்காகக் காத்திருந்தோம். கெஸ்ட் நெளிய ஆரம்பிச்சதும் பத்து இருபத்தெட்டுக்கு டம்ளர ஸ்பூனால தட்டி ஆரம்பிச்சோம்."

மேசையைப் பார்த்தேன். மணி இருக்கும் இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். இடுப்பைத் தொட்டேன். சாவி அங்கேயே இருந்தது, காலையிலிருந்து, மீன் மார்க்கெட்டிலும் மெட்ரோவிலும்.

பத்து இருபத்தெட்டு. அப்படியானால் டிரைவர் வந்தது பதின்மூன்றாவது நிமிடத்தில். பதினொரு மணி ஒரு நிமிடத்துக்கே அவர் கணக்கு பத்திரமாகிவிட்டது. மண்புழுவும் மாதுளைத் தோலும் ஒலிபெருக்கிக்காரரும் வீண். முப்பத்தொரு பசித்த முகங்கள் என்னையே பார்த்தன. தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணாத்தே, மூணு நாளா ஊரெல்லாம் நாற்காலி எங்க எங்கன்னு தேடின. மணி எங்கன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா?"

டிரைவர் சிரித்தார். அவர் சிரிப்பில் நாற்காலி குலுங்கி மணி தானாகவே அடித்தது. கால் அசையக் கூடாது என்று நான் கத்த வேண்டியிருந்தது.

"யோவ் கிளார்க்கு! சிக்னல் சாவிய இடுப்புல சொருவிகினு மீனு விக்கப் பூட்டியா? ஸ்டேசன்ல வண்டி இன்னா பண்ணும், நிக்கத்தான் செய்யும்!"

எல்லோரும் பின்பக்கம் சாப்பிடப் போய்விட்டார்கள். புரட்டாசிக்காரர்களுக்குச் சாம்பார் இருந்தது. டிரைவர் மட்டும் தட்டு வந்த பிறகும் சாப்பிடாமல் பதிவேட்டைத் தன் மடியில் வைக்கச் சொன்னார்.

"இருவத்திரண்டு வருசத்துல கூட்டம் லேட்டா ஆரம்பிச்சது இதான மொத தபா? தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் கீதே, அதுல எயுது. நா பாக்கணும்."

அந்தக் கட்டத்தில் இதுவரை நான் எதுவும் எழுதியதே இல்லை. "மணி கிடைக்காததால்" என்று எழுதப் போனேன்.

"மணி ஏன் கிடைக்கல?"

"சாவி இல்லாததால்."

"சாவி ஏன் இல்ல?"

எழுதினேன்: "பதிவாளர் சாவியுடன் மீன் விற்கச் சென்றிருந்ததால்." டிரைவர் இரண்டு தடவை படித்தார். கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே தன் பெயருக்கு நேரே இருந்த டிக்கை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, தட்டை இழுத்து, சங்கரா மீனை முள் எடுக்காமலே பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று மீன் தின்றார்.

"சரி, தள்ளு," என்றார் கையைக் கழுவிக்கொண்டு. "என்னை வூட்ல போட்டுட்டு நாற்காலிய எட்துகினு போ. அந்தம்மா காத்துகினு கீது."